பௌதிகப் பட்டத்தால் விளையும் பயன்

(புதுச்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“மகனை மூன்றாண்டு பௌதிகம் படிக்க வைத்தால் என்ன கிடைக்கும்?” என்று பெற்றோர் நம்மைக் கேட்கின்றனர். 1961ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தாகூர் கலைக் கல்லூரி தோன்றியது முதல், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பட்டப் படிப்பு எட்டியுள்ளது. கடன்பட்டுப் படிக்க வைக்கும் குடும்பத்திற்கு நேரான விடை கூறுதல் நம் கடமை.

பட்டம் பெற்ற மறுநாளே உத்தியோகம் வந்துவிடாது. ஆசிரியராக விரும்புவோர் பி.எட். பயில வேண்டும், ஆராய்ச்சியை நாடுவோர் எம்.எஸ்ஸி. பயில வேண்டும். இதனை மறைத்துப் பேசுதல் தகாது. ஆயினும், உத்தியோகத்திற்கு முன்பே மாணவனுக்குக் கைவருவது ஒன்றுண்டு. அளந்தறியும் பழக்கமும், அளவில் நேரும் பிழையை ஒப்புக்கொள்ளும் நேர்மையுமே அது.

ஓர் உதாரணம் கூறுவோம். கிணறு தோண்டுமுன் நிலத்தில் நான்கு கம்பிகளை வரிசையாக நட்டு, வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உட்கம்பிகளிடையே மின்னழுத்தத்தை அளக்கின்றனர். மாணவன் கல்லூரிச் சோதனைச்சாலையில் பலமுறை சரிபார்க்கும் ஓம் விதியே இதற்கு அடிப்படை. காய்ந்த பாறையில் மின்சாரம் அரிதாகவே கடக்கும். நன்னீர் செறிந்த மணலில் ஓரளவு கடக்கும். உப்பு நீரிலும் களிமண்ணிலும் மிக எளிதாகக் கடக்கும். கடலோரமான இப்பகுதியில், களிமண்ணையோ உப்பு நீரையோ நன்னீரென மயங்கிவிட்டால், ஆழ்குழாய்க் கிணற்றுக்கு வாங்கிய கடனே மிஞ்சும். “கருவியைக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே, அருகிலுள்ள கிணற்று நீரையும் சோதித்துப் பார்ப்போம்” என்று சொல்லத் தெரிந்தவனே பௌதிகம் கற்றவன்.

இப்பண்புக்குப் புதுச்சேரியிலேயே ஒரு சான்று உண்டு. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்க லெ ஜான்தீ என்னும் பிரெஞ்சு வானநூலார் கடல் கடந்து வந்தார். 1761இல் இவ்வூர் ஆங்கிலேயர் வசமாகியிருந்தமையால் கரையிறங்க இயலவில்லை. எட்டாண்டு காத்திருந்து, 1769 ஜூன் மாதம் இங்கே கருவிகளுடன் விழித்திருந்தார். உரிய வேளையில் மேகம் சூரியனை மறைத்தது. காணாததைக் கண்டதாக அவர் எழுதவில்லை. சோழிகளைக் கொண்டு கிரகணம் கணித்த தமிழரின் முறையைக் கேட்டறிந்து, அதனையும் பதிவு செய்தார்.

பஞ்சாயத்தாருக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. பௌதிகம் பயிலும் நம்மூர்ப் பிள்ளைகளை அழையுங்கள். பொதுக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறிக்கச் செய்யுங்கள். கோடையில் நீரைப் பற்றி நாம் கூடிப் பேசும்போது அக்குறிப்பேடு நம் முன் இருக்கட்டும். அன்று படிப்பின் பயன் ஊருக்கே விளங்கும்.