ரூபியின் ஜெபமும் நான்கு மார்ஷல்களும்

  

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள் இந்த அவைக்குப் புதிதல்ல. ஒருவர் நாள்தவறாமல் தொல்லைக்கு ஆளாகிறார். தொல்லை கொடுப்பவர் அலுவலகத்து மேலதிகாரியாக இருக்கலாம், பின்னாலேயே வரும் ஒருவனாக இருக்கலாம், பள்ளியில் கூடி நின்று கேலி செய்யும் பிள்ளைகளாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் ஆயரிடம் வந்து அழுகிறார். அவருக்கு என்ன ஜெபத்தைக் கற்றுக்கொடுப்பது, என்ன வழி சொல்வது? மேய்ப்புப்பணித் துறையைச் சேர்ந்த நண்பர்கள் பலர் வகுப்பிலும் கருத்தரங்கிலும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டும், மன்னிக்க வேண்டும், துன்புறுத்துகிறவருக்காக ஜெபிக்க வேண்டும். புகார் கொடுப்பதும் விலகிப் போவதும் விசுவாசக் குறைவு. இந்தப் பதிலின் முதல் பாதி வேதத்தில் இருக்கிறது. இரண்டாம் பாதி வேதத்தில் இல்லை. இவ்வுரையின் வழக்கு இவ்வளவுதான்.

அந்த நண்பர்கள் தங்கள் தரப்புக்கு அடிக்கடி எடுத்துக்காட்டும் கதையிலிருந்தே தொடங்குவது நியாயம். ஓய்வுநாள் பள்ளிகளிலும் இளைஞர் கூடுகைகளிலும் சொல்லப்படும் ரூபி பிரிட்ஜஸின் கதை அது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரம். 1960 நவம்பர் 14. வெள்ளையர் பிள்ளைகள் மட்டும் படித்துவந்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி நுழைகிறாள். அதே நாளில் மக்டோனோ 19 என்ற இன்னொரு பள்ளிக்குள் மூன்று சிறுமிகள் நுழைகிறார்கள். ஆனால் ரூபி தன் பள்ளியில் தனி ஆள். வாசலில் வெள்ளையர் கூட்டம் கத்துகிறது. முதல் நாள் முழுவதும் அவளும் அம்மா லூசிலும் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருக்க, வெள்ளைப் பெற்றோர் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். மறுநாள் முதல் அவளுக்குப் பாடம் சொன்னவர் பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி. அந்த ஆண்டு முழுவதும் அந்த வகுப்பில் ஓர் ஆசிரியை, ஒரே ஒரு மாணவி.

கூட்டம் ஒரு நாளோடு கலையவில்லை. காலையிலும் மாலையிலும் வந்து நின்றது. ஒரு பெண் அவளுக்கு விஷம் வைத்துவிடுவதாக மிரட்டினாள். இன்னொருத்தி கறுப்புப் பொம்மையொன்றைச் சிறு சவப்பெட்டியில் கிடத்தித் தூக்கிக் காட்டினாள். அப்பா ஏபன், பெட்ரோல் நிலையத்தில் பார்த்துவந்த வேலையை இழந்தார். மிசிசிப்பியில் வாரத்துக்கு நிலம் உழுதுவந்த தாத்தாவும் பாட்டியும் அந்த நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தொல்லை என்பது எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்புகிறவர் இந்தப் பட்டியலைக் கவனிக்க வேண்டும். கூச்சல் வாசலோடு நிற்காமல், குடும்பத்தின் சோற்றிலும் கூரையிலும் கை வைக்கிறது.

இனி, பிரசங்கங்களில் வரும் பகுதி. ஒரு காலை ஆசிரியை ஜன்னல் வழியே பார்க்கிறார். ரூபி கூட்டத்தின் நடுவில் நின்றுவிட்டாள், உதடுகள் அசைகின்றன. கூட்டத்தோடு பேசுகிறாளோ என்று ஆசிரியைக்கு ஐயம். உள்ளே வந்ததும் கேட்கிறார். அவர்களோடு பேசவில்லை, அவர்களுக்காக ஜெபித்தேன் என்கிறாள் சிறுமி. தினமும் பள்ளிக்குச் சில தெருக்கள் முன்பாகவே அந்த ஜெபத்தைச் செய்துவிடுவாளாம். அன்று மறந்துபோனதால், நினைவு வந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அவர்களை மன்னிக்கும்படி கடவுளிடம் கேட்ட ஜெபம் அது. அம்மா வீட்டில் பழக்கியது. இந்த நிகழ்ச்சியை எழுதி உலகுக்குத் தெரிவித்தவர் குழந்தைகள் மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ்.

பெரும்பாலான பிரசங்கங்கள் இங்கே முடிந்துவிடும். சபை கண்ணீரோடு வீட்டுக்குப் போகும். கதை மட்டும் முடிவதில்லை.

அந்தச் சிறுமி கூட்டத்தின் நடுவில் நின்று ஜெபிக்க முடிந்தது எப்படி? அவளைச் சுற்றி மத்திய அரசின் காவல் அதிகாரிகளான மார்ஷல்கள் நின்றார்கள். பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்ன நீதிபதி ஸ்கெல்லி ரைட்டின் உத்தரவு அவளுக்கு முன்னால் கதவைத் திறந்தது. மார்ஷல்களின் கார் அவளை வீட்டிலிருந்து ஏற்றி வந்தது. விஷ மிரட்டலுக்குப் பிறகு வீட்டிலிருந்து வந்த உணவைத் தவிர வேறெதையும் அவள் சாப்பிட மார்ஷல்கள் விடவில்லை. அவள் நின்று ஜெபித்த அன்றுகூட, நகரச் சொல்லி அவளை அவசரப்படுத்தியவர்கள் அவர்கள்தான். ஓவியர் நார்மன் ராக்வெல் 1964-இல் ‘லுக்’ இதழுக்கு இந்தக் காட்சியை வரைந்தபோது, நான்கு மார்ஷல்களின் தலைகளும் ஓவியச் சட்டத்துக்கு மேலே போய்விட்டன. உடல்கள் மட்டும் சிறுமிக்கு முன்னும் பின்னும் நடக்கின்றன. நம் பிரசங்கபீடங்கள் அந்த உடல்களையும் அழித்துவிட்டன.

அழிக்கப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் மார்ஷல்களின் காருக்குப் பின்னால் நடந்து வந்தார்கள், வீட்டைக் காவல் காத்தார்கள். ஒருவர் வேலை இழந்த தகப்பனுக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை கொடுத்தார். வெள்ளையரான மெதடிஸ்ட் போதகர் லாயிட் ஃபோர்மன், கூட்டத்தின் வசவுகளைக் கடந்து தன் மகளைக் கைப்பிடித்து அதே பள்ளிக்கு அழைத்துச் சென்றார். ஆயர் ஒருவர் இதில் செய்யக்கூடியது என்ன என்பதற்கு இதைவிட நேரான பதிலைத் தேட வேண்டியதில்லை.

மிக முக்கியமான பகுதியும் விடுபட்டுப்போகிறது: சிறுமி காயப்பட்டாள். கெட்ட கனவுகளால் விழித்தாள். மதிய உணவைச் சாப்பிடாமல் சான்ட்விச்சுகளை வகுப்பறை அலமாரியில் ஒளித்துவைத்தாள். கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஆசிரியை அவளோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். கோல்ஸ் தொடர்ந்து வீட்டுக்குப் போய் அவளைப் படம் வரையச் சொன்னார். வெள்ளையரை முழு உருவமாக வரைந்த அந்தக் கை, தன் இனத்தாரைச் சிறிதாகவும் உறுப்புகள் குறைந்தவர்களாகவும் வரைந்தது. ஜெபித்த குழந்தைதான் இப்படி வரைந்தது. மன்னிக்கிறவருக்கு வலிக்காது என்று சொல்லும் ஆலோசகர்கள் அந்தப் படங்களின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். அவளுடைய ஜெபம் உண்மையானது; நீதிமன்றமும் மருத்துவரும் ஆசிரியையும் தெருக்காரர்களும் அந்த ஜெபத்துக்குப் போட்டியாக வந்தவர்கள் அல்லர்.

வேதத்துக்கு வருவோம். எருசலேமின் மதிலைக் கட்டும்போது சன்பல்லாத்தும் தொபியாவும் முதலில் கேலி செய்கிறார்கள், பிறகு தாக்கச் சதி செய்கிறார்கள். நெகேமியா 4:9-இல் ஒரே வசனத்துக்குள் இரண்டு செயல்கள்: ஜெபித்தார்கள், இரவும் பகலும் காவல் வைத்தார்கள். அடுத்தது தாவீது. தன்னைக் கொல்லத் தேடிவந்த சவுலை என்கேதி குகையில் கொல்லாமல் விட்டான். சவுல் அழுது தன் தவற்றை ஒப்புக்கொண்டான். அதன் பிறகு என்ன? சவுல் வீட்டுக்குப் போனான், தாவீது அரணான இடத்துக்கு ஏறிப்போனான் என்று 1 சாமுவேல் 24 முடிகிறது. பழிவாங்க மறுத்தவன் சவுலின் பந்திக்குத் திரும்பவில்லை. எருசலேமில் பவுலைக் கொல்லச் சபதம் செய்தவர்களைப் பற்றி அவருடைய சகோதரியின் மகன் வந்து சொன்னபோது, பவுல் அந்தப் பையனைச் சேனாபதியிடம் அனுப்பினார். 200 போர்ச்சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் அவரை இரவோடு இரவாக அழைத்துப் போனார்கள். அப்போஸ்தலர் 23-இல் விசுவாசக் குறைவைப் பற்றிய கண்டனம் எதுவும் இல்லை.

மறுதரப்பின் வலுவான வாதம் 1 கொரிந்தியர் 6: விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுக்கக் கூடாது. அங்கே பவுல் கண்டிப்பது சகோதரர்களுக்கு இடையிலான உடைமைச் சண்டைகளை. அதே பவுல் தன் உயிர் ஆபத்தில் இருந்தபோது இராயனிடம் மேல்முறையீடு செய்தார். இரண்டையும் ஒன்றாக வாசிக்காதவர் பவுலைப் பாதியாக வாசிக்கிறார். ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவும், விசாரணையில் சேவகன் அறைந்தபோது ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23).

ஜெபத்தின் உள்ளடக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. சக்களத்தி பெனின்னாள் ஆண்டுதோறும் மனமடிவாக்கிய அன்னாள், தேவாலயத்தில் கசந்து அழுதாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தான். நம் ஆலோசனை அறைகளில் ஏலிகள் குறைவில்லை. சங்கீதம் 55 நண்பனே எதிரியானதைச் சொல்லி அலறுகிறது; 109 சபிக்கிறது. கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் செப நூலை 1971-இல் திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களும் முழுமையாக நீக்கப்பட்டன. நீக்கியவர்களின் மனச்சங்கடம் புரிகிறது. ஆனால் துன்புறுத்தப்பட்டவர் தன் கோபத்தைக் கடவுளிடம் சொல்லக்கூட இடமில்லாமல் போனால், வேறு எங்கே கொண்டுபோவார்? முதலில் முறையீடு, பிறகு பாதுகாப்பு, அதன் பிறகே எதிரிக்கான ஜெபம் என்ற வரிசையை இவ்வுரை முன்வைக்கிறது. ரூபி வரிசையை முந்தினாள், அது அருள். அதையே எல்லாரிடமும் கட்டாயமாகக் கேட்பது கொடுமை.

நேரம் குறைவாக இருப்பதால் நடைமுறைக்கான சில குறிப்புகள் மட்டும். வருகிறவரிடம் தேதி, இடம், சாட்சிகளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்கச் சொல்லாதீர்கள். தொல்லை கொடுத்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரச ஜெபம் நடத்தாதீர்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு வேண்டும். சபைகள் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல.

ஆய்வு மாணவர்களுக்குச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. தமிழ்ச் சபைகளின் ஜெபப் புத்தகங்களில் முறையீட்டுச் சங்கீதங்கள் எத்தனை இடம்பெற்றிருக்கின்றன என்று ஒருவர் எண்ணிப் பார்க்கலாம். உபவாசக் கூட்டங்களில் பெண்கள் சொல்லும் சாட்சிகளில் தொல்லை எந்தச் சொற்களால் மறைக்கப்படுகிறது என்பதை இன்னொருவர் கேட்டுப் பதிவு செய்யலாம். தொல்லை கொடுப்பவர் சபையின் ஊழியராகவே இருக்கும்போது என்ன நடைமுறை என்பது தனி ஆய்வு. அதை அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொள்ளும்படி அறக்கட்டளைக் குழுவை இவ்வுரை கேட்டுக்கொள்கிறது. ராபர்ட் கோல்ஸ் ரூபியைப் பற்றி எழுதியதை மேய்ப்புப்பணிப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதற்கு அவ்வளவு காலம்கூடத் தேவையில்லை, வரும் பருவத்திலேயே செய்துவிடலாம்.