எய்யாமல் விட்ட அம்பு



நவம்பர் 3ஆம் நாள் திருஅவை புனித மார்ட்டின் தெ போரஸை நினைவுகூருகிறது. லீமா நகரத் துறவு இல்லத்தில் எலிகளுக்குக்கூட இரக்கம் காட்டியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அதே நாளில்தான் மேலை நாடுகளில் புனித ஹியூபர்ட்டையும் கொண்டாடுகிறார்கள். 727ஆம் ஆண்டில் இறந்த லியேஜ் நகர ஆயர் இவர், வேட்டைக்காரர்களின் பாதுகாவலர். எலிக்கு உணவிட்டவரும் வேட்டைக்காரரின் பாதுகாவலரும் ஒரே நாளில்! நம் நாள்காட்டிக்கும் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

ஹியூபர்ட் காட்டில் மானைத் துரத்தினார். அது திரும்பி நின்றபோது கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர்ந்தது என்பது மரபுக் கதை. யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து நேயர்கள், "இது எஸ்தாக்கியார் கூத்தில் வருவதல்லவா?" என்பீர்கள். ஆம், அந்தக் கதைதான் மூத்தது. எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள். மானை எய்யாமல் நின்றவரையே வேட்டைக்காரர்கள் தங்கள் பாதுகாவலராக வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். நான் சில ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலோ வெள்ளைவால் மான்கள் ஏராளம். அரசு உரிமம் தருகிறது. இலையுதிர் காலத்தில் ஞாயிறு பூசைக்கு வரும் ஆண்களும் பெண்களும் வில்லோடு காட்டுக்குப் போவார்கள். குளிர்காலத்துக்கு வேண்டிய இறைச்சி அதிலிருந்துதான். உணவுக்காக விலங்கைக் கொல்வதைத் திருஅவையின் மறைக்கல்வி தடுப்பதில்லை. ஆனால் தேவையின்றி அதை வதைப்பது மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை எனக்கு விளக்கியவர்கள் அந்த வேட்டைக்காரர்கள்.

துப்பாக்கி வேறு, வில் வேறு. அம்பின் அலகு அறுத்து, இரத்தம் வடிந்துதான் மான் சாக வேண்டும். மரத்தில் கட்டிய பரணில் அசையாமல் காத்திருப்பார்கள். இருபது, முப்பது கஜ தூரத்துக்குள் மான் வர வேண்டும். அது பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது நம்மை விட்டுச் சற்றே விலகிய கோணத்தில். அப்போது முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலுக்கு வழி இருக்கும். அங்கே பட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். நம்மை நோக்கி நின்றால் தோள் எலும்பு மறைக்கும். அம்பு பின்னால் தவறிக் குடலில் பட்டால், அந்த மான் ஓடிப்போய்ப் பல மணி நேரம் படுத்துக் கிடந்து சாகும். இடையில் ஒரு சுள்ளி இருந்தாலே அம்பு திசை மாறிவிடும். அந்தி இருட்டிலோ மழையிலோ எய்தால் இரத்தத் தடத்தைப் பிடித்துத் தேடிப் போகவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. அம்பு நொடிக்கு ஏறத்தாழ 280 அடி போகும். ஒலி 1,100 அடி போகும். நாண் அதிரும் ஓசை அம்பை முந்திக்கொண்டு மானின் காதுக்குப் போய்விடுகிறது. மிரண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். முப்பது கஜத்தில் அம்பு போய்ச் சேர நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் மான் நின்ற இடத்தில் மான் இல்லை! எய்தவன் கை பிசகாவிட்டாலும் குறி பிசகும்.

ஒரு நாள் திருப்பலிக்குப் பின் காபி மேசையில் ஒருவர், எல்லார் முன்னிலையிலும்தான், தம் துயரத்தைச் சொன்னார். பல வாரம் காத்திருந்தாராம். அந்தி மங்கும் நேரத்தில் பெரிய கொம்புள்ள மான் வந்தது. முகம் இவர் பக்கம். எய்துவிட்டார். விளக்கோடு இரவெல்லாம் தேடினார். ஓர் ஓடைக்கரையோடு தடம் நின்றுபோனது. மறுநாளும் தேடிக் கிடைக்கவில்லை. "ஃபாதர், அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதே, கடவுள் தந்தது என்றுதானே நினைத்தேன்?" என்றார்.

தாவீதின் ஆட்களும் இதையேதான் சொன்னார்கள். ஏன்கேதிக் குகைக்குள் சவுல் தனியே வந்தபோது, ஆண்டவரே எதிரியை உன் கையில் ஒப்படைத்துவிட்டார் என்றார்கள். சாமுவேல் முதல் நூல் 24ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். 26ஆம் அதிகாரத்தில் அபிசாய் இன்னும் ஒரு படி மேலே போகிறான்: ஒரே குத்துப் போதும், இரண்டாவது தேவைப்படாது என்கிறான். தாவீது இரு முறையும் மறுத்துவிட்டார். அபிசாயின் குறி தப்பும் என்று அவர் அஞ்சவில்லை. சவுல் ஆண்டவரின் திருப்பொழிவு பெற்றவர் என்பதால் மறுத்தார். ஆனால் இரு முறையும் அவர் தெளிவாகக் கண்ட ஒன்று உண்டு: கைக்கு எட்டியதாலேயே அது ஆண்டவரின் கட்டளை ஆகிவிடாது. எடுத்துவந்த ஈட்டியையும் பின்னர் ஓர் இளைஞனை அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

காபி மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் அந்த மனிதரைக் கடிந்துகொள்ளவில்லை. தம் வழக்கத்தை மட்டும் சொன்னார். கோடையிலேயே, மான் எதுவும் கண்ணில் படாத காலத்திலேயே, எத்தனை கஜத்துக்கு மேல் எய்வதில்லை என்று முடிவு செய்துவிடுவாராம். எந்தத் தூரத்தில் தம் அம்புகள் அத்தனையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றனவோ அதுதான் கணக்கு. குளிரில் கை நடுங்கும் நாளில் அதிலும் குறைத்துக்கொள்வார். கொம்பைக் கண்ட பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால் ஆசைதான் நீதிபதி என்றார். புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகத்தின் கூறுகளாகத் தொலைநோக்கையும் சூழலறிதலையும் எச்சரிக்கையையும் சொல்கிறார். அந்தப் பெரியவர் அவரைப் படித்திருக்க மாட்டார்.

அவர் சொன்ன மற்றொன்று எனக்குப் புதிது. கப்பி பொருத்திய இக்கால வில்லை முழுதாக இழுத்தபின் பிடித்திருப்பது எளிது. அப்போது பெரும்பகுதி பாரத்தை வில்லே தாங்கிக்கொள்ளும். எய்யாமல் நாணைத் திரும்ப விடும்போதுதான் முழுப் பாரமும் சட்டென்று கையை இழுக்கும். ஆகவே அதற்கும் தனியாகப் பயிற்சி செய்கிறார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம். மான் இருபது கஜத்தில் பக்கவாட்டில் அமைதியாக நின்றால் அவர் தயங்குவதில்லை. அரைமனதோடு எய்வதும் ஆபத்து என்பார்.

அவர் சொன்னதை நம் வீடுகளில் வைத்துப் பார்க்கிறேன். மருத்துவமனையில் அப்பா படுத்திருக்கிறார். நினைவு வருகிறது, போகிறது. பத்திரம் தயார், மைப்பெட்டி தயார். அண்ணன் வெளிநாட்டில், தங்கை ஊரில். "இன்று விட்டால் இனிக் கிடைக்காது" என்று காதோரம் ஒருவர் சொல்கிறார். ஒருவேளை அது நியாயமான பங்காகவேகூட இருக்கலாம். ஆனால் வெளிச்சம் போதவில்லை, கோணமும் சரியில்லை. பிசகினால் அடிபடப்போவது எய்தவர் அல்ல, எதிரே படுத்திருப்பவரும் உடன்பிறந்தவர்களும். பத்திரத்தை மடித்துப் பைக்குள் வையுங்கள். தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரமாகியிருக்கும்.