அவசரப்பட்டதால் உடைந்த வளையம்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த மேடையில் உபந்யாசம் செய்த பெரியவர்கள் பலர். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, 35 வருஷம் சர்க்கார் ஃபைல்களைப் புரட்டி ஓய்வு பெற்றவன். "ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது, "ஒரு பழைய காரைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

என் அத்திம்பேர் டூவார்ஸ் தேயிலைத் தோட்டத்தில் இன்ஜினியர். 1962-ல், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மானேஜரிடமிருந்து 1949-ஆம் வருஷத்து எம்.ஜி. டி.சி. காரை வாங்கினார். எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய நிலையம் அது. 1922-ல் அதற்கு மானேஜரான செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களுக்கு அழகான பாடி கட்டி விற்க ஆரம்பித்தார். அப்படிப் பிறந்ததுதான் எம்.ஜி. பிறகு ஆபிங்டன் என்ற ஊரில் தனித் தொழிற்சாலை வந்தது. யுத்தம் முடிந்த 1945-ல் அங்கே டி.சி. மாடல் வெளிவந்தது. 1949 வரை செய்தது சுமார் 10,000 வண்டிகள்தான். 1250 சி.சி. எஞ்சின், 54 குதிரைசக்தி, இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள். இரண்டே பேர் உட்காரலாம். அத்திம்பேரும் அக்காவும் மலைப்பாதையில் அதில் போவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

பின்னால் அவர்கள் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார்கள். உதிரி பாகம் கிடைக்காமல் 1986-ல் வண்டியை ஷெட்டில் நிறுத்தினார் அத்திம்பேர். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தார்ப்பாயைப் போட்டார். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. 2004-ல் அவர் காலமானார்.

2018-ல் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பிரமோட்டரிடம் கொடுப்பதாக முடிவாயிற்று. ஆறு மாசத்தில் ஷெட் காலியாக வேண்டும். மருமான் அமெரிக்காவிலிருந்து, "வந்த விலைக்குக் கொடுத்துடுங்கோ மாமா" என்றான். அக்கா மட்டும், "ஓடற வண்டியா யாருக்காவது குடு. செத்த வண்டியா குடுக்காதே" என்றாள். அக்காவுக்கு அப்போது 82 வயது.

அன்று நான் செய்த தவறைச் சபையில் ஒப்புக்கொள்கிறேன். தார்ப்பாயை எடுத்த முதல் நாளே எஞ்சினைச் சுற்றிப் பார்க்க ஆசை. முன்பக்க ஹாண்டிலைச் செருகினேன். அசையவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன், "பைப் போட்டுத் திருப்பலாம் சார்" என்றான். ஹாண்டிலில் நீளமான இரும்புக் குழாயை மாட்டி, மூன்று பேர் சேர்ந்து அழுத்தினோம். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். திரும்பவில்லை, உடைந்திருந்தது.

பிறகுதான் மல்லிக் பஜாரில் விசாரித்து ஒரு வயதான வங்காளி மிஸ்திரியைப் பிடித்தேன். அவர் வண்டியைத் தொடாமல் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். நான் குழாயைப் பற்றிச் சொன்னதும், "32 வருஷம் தூங்கினவனை அடித்து எழுப்புவீர்களா, பாபு?" என்றார்.

பௌதிகம் படித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரும்பு துருப்பிடித்தால் அதன் பருமன் கூடும். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியை அந்தத் துரு அடைத்துவிடுகிறது. அதைப் பலத்தால் வெல்ல முடியாது. எண்ணெய் தானாகவே அந்தச் சந்தில் ஊறி இறங்க வேண்டும். அதற்கு வேண்டியது காலம்.

மிஸ்திரி நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றினார். தினமும் காலையில் ஹாண்டிலைக் கையால் மட்டும் லேசாக முன்னும் பின்னும் அசைப்பார். பன்னிரண்டாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. என் கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன்களை வெளியே எடுத்தபோது, மூன்றாவது சிலிண்டரில் வளையம் இரண்டு துண்டாகக் கிடந்தது. சுவரில் ஒரு கீறல். 32 வருஷத்துத் துரு செய்யாததை நான் ஐந்து நிமிஷத்தில் செய்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. ஆறு மாசக் கெடு வந்தபோது வண்டி பாதி பிரிந்த நிலையில் இருந்தது. அதை அப்படியே லாரியில் ஏற்றி மிஸ்திரியின் ஷெட்டில் சேர்த்தோம்.

இந்த வேலையில் ஈடுபட நினைப்பவர்களுக்காகச் சில விஷயங்கள். இந்த எஞ்சினில் போல்ட்டின் தலை விட்வொர்த் ஸ்பானருக்குப் பொருந்தும், மரையோ மெட்ரிக். மோரிஸ் 1923-ல் வாங்கிய கவென்ட்ரி எஞ்சின் தொழிற்சாலை, ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. அங்கிருந்த மெட்ரிக் இயந்திரங்களால் வந்த வழக்கம் இது. தெரியாமல் இங்கிலீஷ் மரை போல்ட்டைத் திருகினால் மரை போய்விடும். பாட்டரியில் பாசிட்டிவ்தான் சேஸிஸில் சேரவேண்டும். இன்றைய எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். பாடிக்குள் இருப்பது ஆஷ் மரச் சட்டம். எங்கள் வண்டியில் கரையான் ஒரு தூணைத் தின்றிருந்தது. பெட்ரோல் குழாய்களில் பழைய ரப்பர் எதையும் விடக்கூடாது. அதிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அதை சீக்கிரம் அரித்துவிடும். எல்லாவற்றிலும் முக்கியம், வெகுநாள் நின்ற எஞ்சினில் ஆயில் பம்ப் காய்ந்திருக்கும். முதலில் அதில் எண்ணெய் நிரப்பி, பிளக் இல்லாமல் சுற்றி, பிரஷர் முள் எழும்பிய பிறகே பற்றவைக்க வேண்டும்.

வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தால் நல்ல விலை போகும் என்றார்கள் சிலர். நாங்கள் கறுப்பைத் தொடவில்லை. இடது மட்கார்டில் ஒரு நசுங்கல் உண்டு. அது தோட்டத்துக் கேட்டில் அக்கா இடித்தது. அதையும் நிமிர்த்தவில்லை. அது நல்லதாகவே போயிற்று. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருந்தால்தான் விண்டேஜ் என்று பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு ஆகியவற்றுக்காக வெளியே எடுக்கலாம்.

2020 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நின்றது. மிஸ்திரி என்னைப் பார்த்து, "நீங்களே" என்றார். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து, கதவைத் தானே திறந்து இடது பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். அக்கா சொன்னது இவ்வளவுதான்: "அத்திம்பேர் இதைவிட வேகமா ஓட்டுவார்டா."

அடுத்த மாசம் ஊரடங்கு வந்துவிட்டது. மறுவருஷம் அக்காவும் போய்ச் சேர்ந்தாள். வண்டியை விற்கவில்லை. உடைந்த வளையத்தின் இரண்டு துண்டுகளும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. யாராவது பழைய வீணையோ, சுவர்க்கடிகாரமோ, ஸ்கூட்டரோ வீட்டில் கிடக்கிறது, ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். முதல் நாளே ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.