இரண்டு வருஷக் கல்லூரி, ஐந்து கோப்பை

ஹூஸ்டன் தமிழ்ச் சொந்தங்களே, தாய்மார்களே, உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளே!

'கல்வியும் விளையாட்டும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்து ஊர் பசடீனாவில், எண்ணெய் ஆலைப் புகைபோக்கிகளைத் தாண்டிப் போனால் சான் ஜசின்டோ கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இரண்டாண்டுக் கல்லூரிகளின் தேசிய பேஸ்பால் போட்டி வருஷா வருஷம் கொலராடோவில், கிராண்ட் ஜங்ஷனில் நடக்கிறது. 1985-ல் கோப்பை யாருக்கு? சான் ஜசின்டோவுக்கு! 86-ல்? 87-ல்? அதே சான் ஜசின்டோ! 88 ஒரு வருஷம் விட்டது. 89-ல் பிடித்தார்கள், 90-லும் விடவில்லை. ஆறு வருஷத்தில் ஐந்து கோப்பை! தட்டுங்கள், நன்றாகக் கைதட்டுங்கள்!

அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இரண்டு வருஷம் முடிந்தால் பையன் கிளம்பிவிடுவான். 85-ல் ஜெயித்தவன் 89-ல் இல்லை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, கோப்பை மட்டும் மாறாமல் வந்தது. காரணம் ஒரே ஒரு மனிதர். பயிற்சியாளர் வேய்ன் கிரஹாம்.

அவர் 63-லும் 64-லும் பெரிய லீக்கில் ஆடியவர். மொத்தமே 30 ஆட்டம், அதோடு சரி. வேறொருவராக இருந்தால் விதியை நொந்துகொண்டு ஒதுங்கியிருப்பார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். நாற்பதைத் தாண்டித்தான் சான் ஜசின்டோவுக்கு வந்தார். 11 சீசனில் 600-க்கும் மேலே வெற்றி!

அவரிடம் 1981-ல் பந்து வீசின பையன் ரோஜர் கிளெமென்ஸ். பின்னால் ஏழு தடவை, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினவர். பத்து வருஷம் கழித்து வந்தான் இன்னொரு பையன், பக்கத்து டீர் பார்க்கில் வளர்ந்தவன், இடக்கை வீச்சு. 1990-ல் பெரிய லீக் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது நியூயார்க் யாங்கீஸ் அவனை 22-ஆவது சுற்றில்தான் எடுத்தது. அவன் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஒரு சீசன் சான் ஜசின்டோவில் வீசிவிட்டு, அதற்கப்புறம்தான் யாங்கீஸுக்குப் போனான். அவன்தான் ஆண்டி பெட்டிட்! 256 வெற்றி, ஐந்து உலகத் தொடர் மோதிரம்!

இப்போது மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போன கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர், பேர் வேண்டாம், என்னிடம் கேட்டார்: "கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளை எல்லாம் எதுக்கு மேடையேத்தணும்? ரைஸ்ல படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்க." பக்கத்தில் ஒரு பையன் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். காதில் விழுந்துவிட்டது. அவன் தலை நிமிரவே இல்லை.

ஐயா, அந்த ரைஸ் என்ன செய்தது தெரியுமா? 1912-ல் திறந்த பல்கலைக்கழகம். எந்த அணி விளையாட்டிலும் ஒரு தேசியப் பட்டம் கிடையாது. கடைசியில் சான் ஜசின்டோவுக்குத்தான் வந்தார்கள். 55 வயது வேய்ன் கிரஹாமைக் கையோடு அழைத்துப் போனார்கள். 2003-ல் ஒமாஹாவில், பேஸ்பால் இறுதியாட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 14-2 என்று நொறுக்கி, ரைஸுக்கு அந்த முதல் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார்! ரைஸுக்கே வாத்தியார் கொடுத்த இடமய்யா நீங்கள் மட்டம் தட்டுகிற இடம்!

சான் ஜசின்டோ மைதானத்துக்கு நான் போயிருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் பிட்சரே வாருகோல் எடுத்து, தன் காலடி பட்டுக் குழிந்த மண்ணை நிரவி, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான். பகலில் வேலைக்குப் போய் ராத்திரி வகுப்புக்கு வருகிற நம்ம பிள்ளைகளும் இப்படிப்பட்ட கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். குறைந்த செலவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, அப்புறம் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் வாங்குகிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பெற்றோர்களே, சீசன் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போங்கள். அந்தப் பையன்களுக்கு ஒரு தடவை கைதட்டிவிட்டு வாருங்கள்.

கம்யூனிட்டி காலேஜில் படிக்கிற தம்பி தங்கைகளே, பின்னால் ஏன் நிற்கிறீர்கள்? முன்வரிசை உங்களுக்குத்தான், வந்து உட்காருங்கள். ஐயா, கொஞ்சம் இடம் விடுங்கள்.