புகை போகும் வழி



அந்தி வேளையில் கல்பாக்கத்தை அடுத்த எந்தக் கிராமத்திலும், அடுப்புப் புகையும் தொழுவத்தில் கொசுவுக்காகப் போட்ட மூட்டமும் கூரைகளுக்குச் சற்று மேலே படுதா விரித்தாற்போல் தங்கி நிற்பதைக் காணலாம். நடுப்பகலிலோ அதே புகை எழுந்த சிறிது நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் கலைந்துவிடுகிறது. இவ்வித்தியாசம் புகையில் இல்லை, காற்றில் இருக்கிறது.

வெயிலில் தரை காயும்போது அதை ஒட்டிய காற்று சூடேறி, இலேசாகி, மேலே எழும்புகிறது. மேலேயுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்திற்கு இறங்குகிறது. உலைநீர் கொதித்துப் புரளுவதைப் போன்றதே இதுவும். உள்நாட்டில் கோடைப் பகலில் இக்கலப்பு ஒரு மைல் உயரத்திற்கும் மேலே எட்டுவதுண்டு. சூரியன் அஸ்தமித்ததும் தரை விரைவில் குளிர்கிறது. கனத்த குளிர்காற்று அடியிலும், வெப்பக் காற்று அதற்கு மேலும் அமைந்துவிடுகின்றன. கனத்தது அடியில் இருக்கையில் அது ஏன் மேலே ஏறப்போகிறது? பானைக்கு மூடி போட்டதாயிற்று.

கடலோரத்தில் மற்றொரு விசேஷமும் உண்டு. பகலில் கடற்காற்று எழுந்ததும், கடல்மேல் குளிர்ந்திருந்த காற்று கரையேறுகிறது. கரையருகில் அதன் அடிப்பாகம் மட்டுமே சூடேறிக் கலக்கும். மேற்கே போகப் போகக் கலப்பின் உயரம் வளரும். ஆகையால், கரையிலுள்ள உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வெளிப்படுவது முதலில் அக்கலப்பிற்கு மேலாகவே கலையாமல் சென்று, சில மைல் தாண்டி அதனுள் அகப்பட்டதும் தரைக்கு இறங்கக்கூடும். அருகிலிருப்பவர் தப்ப, தூரத்திலிருப்பவர் சுவாசிக்க நேரிடும் விபரீதம் இது. கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் முதலிரண்டு உலைகள் 1984-லும் 1986-லும் முறைப்படி மின்சாரம் வழங்கத் தொடங்கின. அவ்வூர் ஆராய்ச்சி நிலையத்தார் கோபுரங்கள் நாட்டிப் பல உயரங்களில் காற்றையும் உஷ்ணத்தையும் அளந்தது வெறும் ஆராய்ச்சி ஆசையால் அன்று.

கிராமத்தில் கொளுத்துகிற புகைக்கோ உயரமே கிடையாது. சருகையும் தாளையும் எருக்குழியில் இடுவதே இலாபம். கொளுத்தித்தான் தீரவேண்டுமென்பவர், பனி நீங்கி வெயில் நன்றாக ஏறிய பின், கடற்காற்று எழும் முன்னர் அதை முடிப்பது நலம். விளக்கு வைத்த பின் கொளுத்தினால், அப்புகை விடியுமட்டும் கைக்குழந்தையும் இளைப்பு நோயாளியும் படுத்திருக்கும் வீடுகளைச் சுற்றியே கிடக்கும்.

போகிப் பண்டிகையின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. மார்கழிக் கடைசியில், விடியுமுன், மூடி நன்றாக இறுகியிருக்கும் வேளையிலேதான் ஊரெல்லாம் பழம்பாயும் குப்பையும் எரிகின்றன. 2018-ஆம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி போகியன்று, பனியும் அப்புகையும் ஒன்றாய்ச் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமற் போய், பல விமானங்கள் தாமதமாயின; சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.