பெட்டியில் கிடக்கும் வரலாறு



கோயில் கல்வெட்டிலும் அரசாங்கக் கோப்பிலும் இடம்பெறாத ஊர் வரலாறு திருமண அழைப்பிதழிலும், நாடக நோட்டீசிலும், மொய் நோட்டிலும், கடைப் பேரேட்டிலும், சினிமாப் பாட்டுப் புத்தகத்திலும் சிதறிக் கிடக்கிறது. தேவை முடிந்ததும் எறியப்படும் இத்தகைய தாள்களை நூல் என்று மதித்து அடுக்கியவர் மிகச் சிலர். அச்சிலருள் முதலில் நினைக்கத் தக்கவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா.

விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகிய அவர், பல்கலைக்கழகத்தின் துணையோ அரசின் மானியமோ இன்றிப் பல பத்தாண்டுகள் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அவருடைய சேகரிப்பில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கிய பின்னும், கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே நிலைபெறச் செய்ததனால், மொழி அறக்கட்டளையின் ஒத்துழைப்போடு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தனியொருவரின் ஆர்வம் ஒரு தலைமுறைக் காலம் காத்த செல்வத்தை அதற்கப்பாலும் வாழவைத்தவை நுண்படச் சுருளும் நூற்பட்டியலுமே என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.

கவனிப்பாரற்ற ஒரு சேகரிப்பை ஒழுங்குசெய்ய முனைவோர் முதலில் கைக்கொள்ள வேண்டிய நெறி, வந்த கட்டைப் பிரித்துக் கலக்காதிருத்தலாகும். ஒரே இடத்திலிருந்து வந்த ஆவணங்களை ஒரே தொகுதியாகவும், உடையவர் வைத்திருந்த வரிசையிலும் காப்பதை ஆவணக் காப்பியலார் அடிப்படை விதியாகக் கொள்வர். இரங்கூனில் வட்டிக்கடை நடத்திய குடும்பம் ஒன்றின் பெட்டியில் கடிதமும் பேரேடும் ஒரே நூலால் கட்டப்பட்டிருக்குமானால், எந்தக் கணக்குக்காக அக்கடிதம் எழுதப்பட்டது என்பதற்கு அந்த முடிச்சே சான்றாகும்; கடிதத்தைக் கடித அலமாரிக்கும் பேரேட்டைக் கணக்கு அலமாரிக்கும் பிரித்தனுப்பினால் தாள்கள் பிழைக்கும், சான்று அழியும்.

அடுத்தது பதிவேடு. எந்தப் பொருள், எவரிடமிருந்து, எந்நாளில், எந்நிலையில் வந்தது என்பதை வரிசை எண்ணோடு குறிப்பது சேர்க்கைப் பதிவேடு. ஆசிரியர், தலைப்பு, அச்சகம், காலம், பொருள் ஆகியவற்றால் தேடியெடுக்க வழிசெய்வது நூற்பட்டியல். தமிழ் ஆவணங்களில் காலத்தைக் கணிப்பதற்கே தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றின் குறியீடுகளோடு ‘பிரபவ ௵ ஆவணி ௴ 12 ௳’ என்று மட்டும் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தால், தமிழாண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுழன்று வருவதனால், அது 1867ஆம் ஆண்டுக்கும் பொருந்தும், 1927ஆம் ஆண்டுக்கும் பொருந்தும். உறையில் ஒட்டிய தபால்தலையில் விக்டோரியா அரசியார் இருக்கிறாரா, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இருக்கிறாரா என்று பார்த்தால் ஐயம் தீரும். உறையைக் குப்பையில் போட்டவர் அறுபது ஆண்டு வரலாற்றையும் உடன் போட்டவராவார்.

பாதுகாப்பு என்பது பெரும்பாலும் செய்யத் தகாதவற்றை அறிதலே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பெருவழக்கான மரக்கூழ்த் தாளில் படிகாரமும் பிசினும் சேர்ந்தமையால் அமிலம் ஊறி, ஏடு பழுப்பேறி, மடித்தால் அப்பளம்போல் நொறுங்குகிறது. அத்தாளில் செல்லோ டேப் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையில் உருக்கி ஒட்டி லேமினேஷன் செய்வதும் மீட்க முடியாத கேடுகள். துருவேறிய குண்டூசியையும் ரப்பர் வளையத்தையும் அகற்றி, அமிலம் நீக்கிய அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, எண்ணைப் பென்சிலால் மட்டுமே குறித்து, ஈரம் படாமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால், இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் இடங்கொடாமல் நெடுங்காலம் காக்கலாம். ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவது இன்றும் சுவடி நூலகங்களில் உள்ள வழக்கம்.

கணினிப் படியாக்கம் இவற்றுக்கு மாற்றாகாது. பெயரும் விவரமும் இடப்படாத பத்தாயிரம் படங்கள் பூட்டிய அறைக்குச் சமம். ஆயினும் இரண்டாம் படியின் அருமையை 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் உலகுக்கு உணர்த்திற்று: ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அத்தீயில் மறைந்தன. ஒரே படி ஒரே கூரையின்கீழ் இருப்பது காப்பாகாது.

பெருநிதி வரும்வரை இப்பணி காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊர்க் கிளை நூலகத்திலும் ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, பொறுப்பேற்கும் இருவர் என்று தொடங்கினால் போதும். இந்த அவையிலிருந்து வீடு திரும்புவோர் பரணில் உள்ள பழைய பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பாராக. திறந்தபின் அதன் கட்டைக் கலைக்காமல் நூலகத்தில் ஒப்படைப்பாராக.