கை நீட்டினால் என்ன பொருள்?



ஆங்கிலம் பேச இலக்கணம் ஒன்றே போதும்னு அம்மையார் அடிச்சுப் பேசிட்டு உட்கார்ந்திருக்காங்க. அம்மா, ஒரு வெள்ளைக்காரர் உங்ககிட்ட தமிழ் படிக்க வர்றார்னு வச்சுக்குங்க. 'கை' தெரியும். வினைச்சொல் எல்லாம் அத்துப்படி. 'கை கொடுத்தான்'னா உதவி பண்ணினான். 'கை விட்டான்'னா நடுத்தெருவிலே நிறுத்திட்டான். 'கை நீட்டினான்'? அடிச்சாலும் கை நீட்டறதுதான், லஞ்சம் வாங்கினாலும் கை நீட்டறதுதான்! (சிரிப்பு) இதுக்கு எந்த இலக்கணத்திலே விதி இருக்கு? வழக்கிலே இருக்கு.

ஆங்கிலத்திலேயும் அதே கூத்துதான். 'புட்'டுன்னா வைன்னு படிச்சோம். 'புட் ஆன்'னா உடுத்திக்கோ. 'புட் ஆஃப்'னா தள்ளிப்போடு. 'புட் அவுட்'னா அணைச்சுடு. 'புட் அப் வித்'னா பொறுத்துக்கோ! பொறுமைக்கும் வைக்கறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?

என்கிட்ட ஒரு மாணவன் படிச்சான். கிராமத்துப் பிள்ளை. அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. ஒரு கம்பெனியிலே நேர்காணல் முடிஞ்சதும் மேலாளர் சிரிச்சுக்கிட்டே, 'வி வில் கீப் யூ போஸ்டட்'னாராம். நம்ம ஊர்லே போஸ்டிங்னா வேலை நியமனம். பையன் ஓட்டமா ஊருக்குப் போய், 'அம்மா, போஸ்டிங் போட்டுட்டாங்க'ன்னுட்டான். அந்தத் தாய் தெருவுக்கே பாயசம் கொடுத்தா. பக்கத்து டவுன்லே கணக்கெழுதற வேலை ஒண்ணு தேடி வந்தது, வேண்டாம்னுட்டான். இரண்டு மாசம், தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்கு ஓடினான்.

'விவரம் அப்பப்போ தெரிவிக்கிறோம்.' அந்த வாக்கியத்துக்கு அவ்வளவுதான் பொருள். வேலை உண்டுன்னும் சொல்லலே, இல்லைன்னும் சொல்லலே. அம்மையார் அவர்களே, அந்தப் பிள்ளை இலக்கணத்திலே நூத்துக்குத் தொண்ணூறு வாங்கினவன். எழுவாய் எது, செயப்படுபொருள் எதுன்னு தூக்கத்திலே எழுப்பிக் கேட்டாலும் பிரிச்சுக் காட்டுவான். அந்த இலக்கணம் அவனுக்கு அன்னைக்கு ஏன் கை கொடுக்கலே? (கைதட்டல்)

'அப்போ ஐந்நூறு தொடரை மனப்பாடம் பண்ணச் சொல்றீங்களா?'ன்னு கேப்பாங்க. வேண்டவே வேண்டாம். மனப்பாடத்தாலே வந்த வினைதான், நாயும் பூனையுமா மழை பெய்யுதுன்னு தலைமுறை தலைமுறையா ஒப்பிச்சுக்கிட்டிருக்கோம். இங்கிலாந்துலே பலருக்கு அது தாத்தா காலத்துப் பேச்சு. 'கொட்டுது'ன்னு ஒரே சொல்லிலே முடிச்சுடறாங்க, நம்ம மாதிரியே.

கதையோட சொல்லிக் கொடுங்க, பிள்ளைங்க மறக்காது. 1801-லே கோபன்ஹேகன் கடற்போர். பின்வாங்குன்னு மேலதிகாரி கொடி காட்டறார். நெல்சனுக்கு வலது கண்ணிலே பார்வை கிடையாது. தொலைநோக்கியை அந்தக் கண்ணிலே வச்சுக்கிட்டு, 'எனக்குக் கொடி தெரியலையே'ன்னாராம்! 'டர்ன் எ பிளைண்ட் ஐ'ங்கிற தொடரோட சேர்த்து இந்தக் கதையைத்தான் சொல்வாங்க. நம்ம பாஷையிலே, கண்டும் காணாம விடறது.

நடுவர் மணியிலே கை வைக்கிறார். ஒரு நிமிஷம் நான் நெல்சன் ஆயிக்கறேன். (சிரிப்பு)

நியூகாசில், இங்கிலாந்துலே ஒரு காலத்திலே நிலக்கரிக்குப் பேர் போன ஊர். அங்கேயே நிலக்கரி கொண்டு போய் விக்கறான்னா அவனை என்ன சொல்றது? 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்'னு அவங்க சொல்வாங்க. கொல்லன் தெருவிலே ஊசி விக்கறான்னு நம்ம பாட்டி சொல்வா. பாட்டி சொன்னதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்க, பிள்ளைக்கு ஆங்கிலத் தொடர் அந்நியமாவே தெரியாது. இலக்கணப் புத்தகத்திலே இது எத்தனையாவது பக்கத்திலே இருக்குன்னு அடுத்து வர்ற எதிரணி நண்பர் சொல்லட்டும்.